எட்டு மணிக்குச் செத்துப்போன சித்தப்பா

ஆபீசில் அவளுக்கு 'ரெண்டுவரி' என்று பெயர். அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது சம்பளச் சீட்டில் மட்டும் வரும். மற்றபடி தலைவர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் ரெண்டுவரிதான். செய்கிற வேலை அப்படி. அந்தத் தொலைக்காட்சி நிலையத்தில் ஒரு நாளைக்கு ஒளிபரப்பாகிற பதினான்கு புதிய நிகழ்ச்சிகளுக்கும் 'இன்று என்ன நடக்கிறது' என்று ரெண்டு ரெண்டு வரி எழுத வேண்டும். முதல் வரி நடப்பதைச் சொல்ல வேண்டும், இரண்டாவது வரி கேள்வியாக முடிய வேண்டும். இது நிலையத்தின் சட்டம். மாமியார் மருமகள் கதைக்கும் கேள்வி, சமையல் போட்டிக்கும் கேள்வி, ஆமைகள் பற்றிய ஆவணப்படத்துக்கும் கேள்வி. "குஞ்சு ஆமைகள் மணலைக் கிளறிக்கொண்டு வெளியே வருகின்றன. கடலைச் சேரப்போவது எத்தனை?" அந்த ஆமைகளைப் படம்பிடித்து ஏழு வருடம் ஆகிறது. சேர்ந்ததெல்லாம் சேர்ந்து பேரன் பேத்தி எடுத்திருக்கும். அதை யார் கேட்டார்கள்?

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்தப் பதினான்கில் ஒன்றைக்கூட அவள் பார்த்து எழுதுவதில்லை. பாதி நிகழ்ச்சிகள் அன்று மத்தியானம்தான் படமாகும். மீதியைப் பார்க்க நேரம் கிடையாது. நேரம் இருந்தாலும் மனதில் தெம்பு கிடையாது. காலை ஒன்பது மணிக்கு ஒவ்வொரு குழுவிலிருந்தும் யாராவது ஒரு உதவி டைரக்டர் போனில் குறிப்பு அனுப்புவான். "இன்னைக்கு அழுகை." "இன்னைக்கும் பேய்." "இவங்க அவங்களைத் திட்டுவாங்க." அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு அவள் இருபத்தெட்டு வரி ஜோடித்து, நேயர்கள் போனில் பார்க்கிற நிலையத்தின் செயலியில் ஏற்றிவிட வேண்டும். பதினொரு மணி அடித்ததும் பட்டியலைப் பூட்டிவிடுவார்கள். அதற்கப்புறம் ஒரு கால்புள்ளியை மாற்றுவதென்றாலும் நிகழ்ச்சித் தலைவர் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளில் 'தவறு செய்தவர் பெயர்' என்று ஒரு கட்டம் உண்டு. அவள் வேலைக்குச் சேர்ந்த ஆறு வருடமாக அதில் யார் பெயரும் ஏறியதில்லை. தப்பே நடக்கவில்லை என்று அர்த்தமில்லை, யாரும் திருத்தவில்லை என்று அர்த்தம்.

பதினான்கில் ராஜா எட்டு மணித் தொடர்தான். ஒன்பது வருடமாக ஓடுகிறது, இரண்டாயிரத்து முந்நூறு பகுதி தாண்டிவிட்டது. யார் யாருக்கு மகள், யார் யாரைக் கட்டிக்கொண்டு யாரை விட்டார்கள் என்பதெல்லாம் எடுப்பவர்களுக்கே மறந்துவிட்டது. அதன் வசனகர்த்தா காலை பதினொரு மணிக்கு எழுந்ததும் செய்கிற முதல் காரியம், போனை எடுத்து அன்றைய சுருக்கத்தைப் படிப்பதுதான். மேலிடம் என்ன நினைக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும் என்று அவருக்கு நம்பிக்கை. அதைப் பார்த்துத்தான் அன்றைய காட்சியை எழுதுவார். ரெண்டுவரியோ, அவர் எழுதிவைத்ததைத்தான் தான் சுருக்குகிறோம் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் வேறு ஒன்றும் தோன்றாமல் 'மருமகள் மௌனமாகிறாள்' என்று எழுதித் தொலைத்தாள். அந்த மருமகள் மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்?

அந்தத் தொடரில் மாமனாராக வருகிறவர் அவளுடைய சொந்தச் சித்தப்பா, அப்பாவின் கூடப்பிறந்த தம்பி. அவளுக்கு வேலை கிடைத்தது அவர் சொல்லித்தான். அங்கே அவளுக்கு ஏதோ எழுத்து வேலை என்கிற அளவில்தான் அவருக்குத் தெரியும். அவள் இருப்பதும் அவர் வீட்டு மாடி அறையில்தான். சித்தப்பாவுக்கு வயது ஐம்பத்து நான்கு. மாமனாருக்கு எழுபது. அதனால் பதினைந்து நாளுக்கு ஒரு தரம் முடிதிருத்தும் கடையில் போய் உட்கார்ந்து, கறுத்த முடிக்கு வெள்ளைச் சாயம் பூசிக்கொண்டு வருவார். உலகமே கறுப்படித்துக்கொள்கிறபோது இந்த மனுஷன் மட்டும் காசு கொடுத்து வெள்ளையடித்துக்கொள்கிறாரே என்று சித்திக்குத் தீராத எரிச்சல். "பக்கத்துல நின்னா இவரை எங்கப்பாவான்னு கேக்குறாங்க" என்று புலம்புவாள்.

ஒன்பது வருடமாக அவருக்கு வேலை ஒரு சோபாவில் உட்காருவது. சுற்றிலும் மாமியாரும் மருமகள்களும் கத்துவார்கள். கேமரா ஒவ்வொரு மூஞ்சியாகச் சுற்றிவிட்டுக் கடைசியில் அவரிடம் வரும். அவர் பெருமூச்சு விடுவார். நடிப்பு அவ்வளவுதான். ஆனால் அதற்கு வெளியே கிடைத்த மரியாதையைப் பார்க்க வேண்டுமே! பஸ்ஸில் ஏறினால் எழுந்து இடம் கொடுப்பார்கள். வங்கியில் வரிசையில் நிற்க விடமாட்டார்கள். சொந்தக்காரர்கள் தங்கள் சண்டையைத் தீர்த்துவைக்க அவரைக் கூப்பிடுவார்கள். அங்கேயும் போய்ப் பெருமூச்சுதான் விடுவார், சண்டை முடிந்துவிடும். அதற்கு முன்னால் பதினெட்டு வருடம் குளிர்பதனப் பெட்டி விற்கிற கடையில் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் நின்றவர். நின்ற ஆளை உட்காரச் சொன்னது அந்தத் தொடர்தான். அது போய்விட்டால் மனுஷன் நொறுங்கிப்போவார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அன்றைக்குப் பத்து ஐம்பதுக்கு ரெண்டுவரி பதினான்கையும் முடித்துவிட்டுக் கழுத்தைத் திருப்பிச் சொடக்கெடுத்துக்கொண்டிருந்தாள். அப்போது போன் வந்தது. ஐந்து மணிப் பொம்மைப் படம் புதுசு இல்லையாம், போன மாதம் போட்டதேதானாம். சனியன், இதை ஒன்பது மணிக்கே சொல்லித் தொலைத்தால் என்ன? அவள் பொம்மைப் படத்துக்கு எழுதிய கட்டத்தை மட்டும் அழித்தாள். அழித்த வேகத்தில் பட்டியலை ஏற்றினாள். டீ குடிக்கப் போனாள்.

அழித்தது ஒரு கட்டம்தான். ஆனால் அந்தக் காலியிடத்தை நிரப்புவதற்கு, கீழே இருந்த சுருக்கங்கள் எல்லாம் ஒவ்வொரு படி மேலே ஏறி உட்கார்ந்துகொண்டன. நிகழ்ச்சிப் பெயர்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. பதினொரு மணிக்குப் பட்டியல் பூட்டிக்கொண்டது.

பதினொன்று இருபதுக்குச் சித்தப்பா போன் பண்ணினார்.

"அம்மாடி, என்னைக் கொன்னுட்டாங்கம்மா!"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "யாரு சித்தப்பா? எங்கே இருக்கீங்க?"

"முடிவெட்டுற கடையில. பாதித் தலைக்கு வெள்ளை அடிச்சாச்சு. கடைக்காரன் போனைப் பாத்துட்டு, 'சார், மிச்சத்துக்கு அடிக்கவா, வேணாமா? இன்னைக்கு நீங்க செத்துர்றீங்க போலிருக்கே'ன்னு கேக்குறான். உங்க ஆளுங்க போட்டிருக்காங்க பாரு. 'வீட்டுப் பெரியவர் படிக்கட்டின் அடியில் பிணமாகக் கிடக்கிறார். தள்ளிவிட்ட கை யாருடையது?' யாரும்மா அந்தக் கை? ஒன்பது வருஷம் சோறு போட்ட கம்பெனி, ஒரு வார்த்தை முன்னாடி சொல்லக் கூடாது?"

அது எட்டரை மணிக் குற்றத் தொடரின் சுருக்கம். அதில் வாராவாரம் யாராவது ஒரு பெரியவர் ஏதாவது ஒரு படிக்கட்டின் அடியில் கிடப்பார். ரெண்டுவரி செயலியைத் திறந்து பட்டியலைப் பார்த்தாள். எல்லாமே ஒரு படி மாறியிருந்தன. ஆமைப் படத்தில், "உப்பு அதிகமாகிவிடுகிறது. கண்ணீருடன் வெளியேறப்போவது யார்?" சமையல் போட்டியில், "சாப்பிட்டதும் நெஞ்சு எரிகிறது என்கிறார்கள் பலர். அலட்சியம் செய்யலாமா?" ஏழு மணி அரசியல் விவாதத்தில், "வருடக்கணக்காகப் பூட்டிக் கிடக்கும் அறையிலிருந்து மறுபடியும் அதே குரல். அதற்கு என்னதான் வேண்டும்?" ஏழரை மணிப் பேய்த் தொடரில், "மாமனார் சோபாவில் அமர்ந்து யோசிக்கிறார். அவர் மனதில் ஓடுவது என்ன?" கடைசியாக வருகிற சிரிப்பு நிகழ்ச்சிக்கு நேரே ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை.

பார்த்த ஒரு லட்சம் பேரில் ஒருத்தராவது இது தப்பு என்று எழுதியிருக்க வேண்டுமே? ஊஹூம். ஆமைக்குக் கீழே ஒரு அம்மா, 'பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டு வந்த பொண்ணு' என்று எழுதியிருந்தாள். விவாதத்துக்குக் கீழே, 'சரியாச் சொன்னீங்க' என்று நானூறு பேர். சோபாவில் யோசிக்கிற மாமனாரை நினைத்துத் தூக்கம் வரப்போவதில்லை என்று பேய் ரசிகர்கள் பயந்துபோயிருந்தார்கள். மாமனார் சாவுக்கு மட்டும் பதினோராயிரம் பேர் அழுதிருந்தார்கள்.

அவள் எழுந்து நிகழ்ச்சித் தலைவர் அறைக்கு ஓடினாள். திருத்தத் தாளைக் கையோடு எடுத்துக்கொண்டு போனாள். 'தவறு செய்தவர் பெயர்' கட்டத்தில், வழியிலேயே சுவரில் தாளை வைத்துத் தன் நிஜப் பெயரை எழுதினாள். வேலை போனாலும் போகட்டும், இந்தப் பாவம் நமக்கு வேண்டாம் என்று நினைத்தாள்.

தலைவர் நின்றுகொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் நின்றால் மறுமுனையில் முதலாளி என்று அர்த்தம்.

"ஆமா சார்... ரொம்ப நாளா மனசுல இருந்ததுதான் சார்... இல்ல சார், வேற யாரோட ஐடியாவும் இல்ல, நானேதான் ராத்திரி பகலா யோசிச்சு... பதினோராயிரம் சார்! இப்ப பன்னெண்டா? தேங்க்ஸ் சார்." போனை வைத்துவிட்டு உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என்ன ரெண்டுவரி?"

அவள் மூச்சுவிடாமல் சொன்னாள். கட்டம் நகர்ந்தது, ஆமை, உப்பு, பேய், சித்தப்பா எல்லாவற்றையும் சொன்னாள். தலைவர் பொறுமையாகக் கேட்டார். தாளை வாங்கிப் பார்த்தார். அவள் பெயரை அன்றுதான் முதல்முறையாகப் படிக்கிறார் போலிருந்தது. இரண்டு தடவை படித்தார்.

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"சொல்லாத."

"சார், எங்க சித்தப்பா சார் அவர். ஒன்பது வருஷம்..."

"இங்க பாரும்மா. நான் யோசிச்சுச் செஞ்சதுன்னு முதலாளிகிட்ட சொல்லியாச்சு. இப்ப போயி ஒரு கட்டம் மேலே ஏறிடுச்சுன்னா, நான் என்ன ஆவேன்? நீ நல்ல பொண்ணு. உனக்கு ஒரு ஜன்னல் பக்கத்து மேஜை போடச் சொல்றேன்." தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "மத்த பதிமூணும் அப்படியே இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கு."

அவள் வெளியே வந்து யோசித்தாள். தலைவர் திருத்தமாட்டார், சரி. எட்டு மணிக்குள் படம்பிடிக்காமல் தடுத்துவிட்டால்? மத்தியானம் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் படப்பிடிப்பு வீட்டுக்குக் கிளம்பினாள். ஊர்க்கோடியில் இருந்தது அந்த வீடு. போய்ச் சேர மூன்று மணி ஆகிவிட்டது.

அங்கே வேறு ஒரு களேபரம். அந்த வீட்டில் படிக்கட்டு இல்லை. தரைத்தளம் மட்டும்தான். ஒன்பது வருடமாக "நான் மாடிக்குப் போறேன்" என்று சொன்னவர்கள் எல்லாம் வலதுபக்கக் கதவு வழியாகத் துணி உலர்த்தும் இடத்துக்குப் போய் நின்றிருந்தார்கள். இப்போது படிக்கட்டின் அடியில் பிணம் கிடந்தாக வேண்டும். படிக்கட்டுக்கு எங்கே போவது? குற்றத் தொடர்க்காரர்களிடம் மரப்படிக்கட்டு ஒன்று இருந்தது. கேட்டதற்கு, "எங்களுக்கும் இன்னைக்கு அதுலதான் பொணம். எடுத்துட்டு ஆறு மணிக்குத் தர்றோம்" என்று சொல்லிவிட்டார்கள். டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

வசனகர்த்தா ஒரு மூலையில் எழுதிக்கொண்டிருந்தார். ரெண்டுவரி அவர் எதிரில் போய் நின்றாள்.

"சார், மாமனாரைக் கொல்லாதீங்க. அது தப்பா வந்தது. மேலிடம் அப்படி ஒண்ணும் சொல்லவே இல்ல."

"மேலிடம் சொன்னதும் சொல்லாததும் உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"அந்த ரெண்டு வரியை எழுதுறதே நான்தான் சார். தினமும் நான்தான். நீங்க நினைக்கிற மேலிடமே நான்தான் சார்!"

வசனகர்த்தா அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்லாப் பேசுறியே! உனக்குக் கற்பனை வருதும்மா. விட்டுடாத, ஏதாவது எழுதிப் பாரு" என்று ஆசீர்வாதம் செய்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார். அவள் உருவாக்கிய கதைக்கு அவர் ஆறு வருடமாகப் பேர் வாங்கிக்கொண்டிருக்கிறார். அவளுக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பேனாவைப் பிடுங்கி உடைத்திருக்கலாம்.

அந்த நேரத்தில் வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. சித்தப்பா இறங்கினார். வெள்ளைச் சாயம் தலையின் ஒரு பக்கத்தோடு நின்றுபோயிருந்தது, மறுபக்கம் கறுப்பு. அந்தக் கோலத்தோடு நேரே உள்ளே வந்தார். கூடத்தின் நடுவில் விளக்குக்காரர் ஒருத்தர் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கேமராக்காரர் அந்தக் காலுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார்.

"யாரு இது?" என்றார் சித்தப்பா.

டைரக்டர் பதறி எழுந்தார். "அண்ணே, நீங்க எதுக்குண்ணே வந்தீங்க? உங்களுக்கு இன்னைக்கு வேலை இல்லையே."

"யாருன்னு கேட்டேன்."

"நீங்கதான்ணே."

"நானா? இந்தக் காலா? எனக்குக் கால் இப்படியா இருக்கு?" சித்தப்பா செருப்பைக் கழற்றி வீசினார். தன் காலைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். "ஒன்பது வருஷம் உக்கார வெச்சீங்களே, ஒரு நாள் படுக்க வெக்க மாட்டீங்களா? என் பொணத்துக்குக்கூட நான் லாயக்கில்லையா?"

துணிக்கு அடியிலிருந்து விளக்குக்காரர், "நான் வேணா எழுந்துக்கவா சார்?" என்றார். "நீ படுய்யா!" என்று டைரக்டர் அதட்டினார்.

பெரிய மருமகளாக நடிக்கிற பெண் ஒப்பனை அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். சித்தப்பா அவள் பக்கம் திரும்பினார். "வாம்மா, வா. இப்ப திருப்தியா? அந்தச் சோபா மேல உனக்கு எத்தனை நாளாக் கண்ணுன்னு எனக்குத் தெரியும். முதலாளிகிட்ட யாரு போய்ப் பேசினதுன்னும் தெரியும்."

"ஐயோ, சத்தியமா நான் இல்ல சார்! எனக்கே போனைப் பாத்துதான் தெரியும்."

"எல்லாரும் சேர்ந்து செஞ்சிருக்கீங்க. திட்டம் போட்டு, நேரம் பாத்து, என்னைத் தள்ளியிருக்கீங்க!" சித்தப்பா விரலை ஒவ்வொருத்தர் மேலாகச் சுட்டினார். அவர் குரல் அந்த வீட்டில் அப்படி ஒலித்து யாரும் கேட்டதில்லை. ஒப்பனைக்காரர், டீ கொண்டுவருகிறவர், டிரைவர்கள் எல்லோரும் வந்து கூடிவிட்டார்கள். அவர் நடக்கிறபோது விலகி வழிவிட்டார்கள். இந்த மனுஷனுக்கு நடிக்க வருமா என்று டைரக்டரே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். அப்படியே ஒரு கேமராவைத் திருப்பியிருந்தால் போதும். அந்தப் புத்தி யாருக்கும் வரவில்லை. எல்லோரும் படிக்கட்டுக்காகக் காத்திருந்தார்கள்.

ரெண்டுவரி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து காரில் ஏற்றினாள். வழியெல்லாம் சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, "யாரு சார் உங்களைத் தள்ளினது?" என்று கேட்டான். சித்தப்பா ஆரம்பித்துவிட்டார். வீடு வருகிறவரைக்கும் அவளுக்கு வாயைத் திறக்க இடம் கிடைக்கவில்லை.

எட்டு மணிக்குச் சித்தியோடு மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். மரப்படிக்கட்டு வந்து சேர்ந்திருந்தது. மேலே போகாமல் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. விளக்குக்காரரின் கால் நாலரை நிமிடம் திரையில் இருந்தது. மாமியார் அழுதாள், மூன்று மருமகள்களும் ஒவ்வொருத்தராக அதிர்ந்தார்கள். கேமரா வழக்கம்போல ஒவ்வொரு மூஞ்சியாகப் போய்க் கடைசியில் சோபாவுக்கு வந்தது. சோபா காலியாக இருந்தது. அதைப் பார்த்ததும் சித்தியே மூக்கை உறிஞ்சினாள்.

"கருமம், எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்று எழுந்து சமையலறைக்குப் போனாள். "இனிமேயாச்சும் அந்தச் சுண்ணாம்பு பூசுறதை விடுங்க."

போன் விடாமல் அடித்தது. சித்தப்பா ஒவ்வொரு அழைப்பையும் எழுந்து நின்று எடுத்தார். "ஆமா, ஆமா... உள்ளே பெரிய அரசியல்... எல்லாத்தையும் போன்ல சொல்ல முடியாது... நாலஞ்சு மாசமாவே நடக்குது..." அழைப்புக்கு அழைப்பு சதி வளர்ந்தது. முதலில் மருமகள் மட்டும் இருந்தாள். அப்புறம் டைரக்டர் சேர்ந்தார், அப்புறம் போட்டி நிலையம் ஒன்று வந்து சேர்ந்தது. "செத்ததுக்கு அப்புறம்தான் இந்த மனுஷன் வாயைத் தொறக்குறாரு" என்று சித்தி உள்ளேயிருந்து சொன்னாள்.

நடுவில் போன் கொஞ்சம் ஓய்ந்தது. இதற்கு மேல் தாங்காது என்று ரெண்டுவரி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"சித்தப்பா, உங்களை யாரும் தள்ளல. நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு கட்டத்தை அழித்ததையும், எல்லாம் ஒரு படி ஏறியதையும், பேய்த் தொடரில் அவர் சோபாவில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்ததையும் போனைத் திறந்து காட்டினாள். "மன்னிச்சுக்குங்க சித்தப்பா. காலையில இருந்து ஒவ்வொருத்தரா ஓடி ஓடிச் சொல்றேன், யாரும் கேக்கல. ஆனா ஒண்ணும் கெட்டுப்போகல. நாளைக்கு நான் 'மாமனார் கண் திறக்கிறார்'னு போடுறேன். அந்த வசனகர்த்தா அதைப் பாத்துட்டு அப்படியே எழுதிடுவாரு. நாளைக்கு மத்தியானம் நீங்க சோபாவுல இருப்பீங்க. சத்தியமா."

சித்தப்பா அவள் போனை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"அப்போ அந்தப் பொண்ணு முதலாளிகிட்ட பேசல?"

"இல்ல சித்தப்பா."

"டைரக்டரு?"

"அவருக்கும் போனைப் பாத்துதான் தெரியும்."

"என்னைத் தூக்கணும்னு யாருமே நினைக்கலையா?"

"யாருமே நினைக்கல சித்தப்பா" என்றாள் அவள். ஆறுதலாகத்தான் சொன்னாள். "உங்களைப் பத்தி யாரும் எதுவுமே நினைக்கல."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. சித்தப்பாவின் முகம் விழுந்துவிட்டது. இத்தனை நேரம் நிமிர்ந்திருந்த தோள் இறங்கிவிட்டது. பாதி வெள்ளையும் பாதி கறுப்புமாக ஒரு சின்ன மனுஷனாக அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை. காலையில் சுருக்கத்தில் கொன்றது ஒன்றுமே இல்லை, இப்போதுதான் கொன்றிருக்கிறோம் என்று தோன்றியது.

"அதை எழுதாத" என்றார்.

"எதை?"

"கண் திறக்குறதை. ஒரு கட்டம் நகந்ததுல செத்தவன் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுத் திரும்பிப் போறது? போனா அதே சோபா, அதே பெருமூச்சு. இன்னைக்கு ஒரு நாள், என்னை ஒழிக்க நாலு பேரு கூடிப் பேசினாங்கன்னு நினைச்சேன். நான் இருந்தா அவங்களுக்கு இடைஞ்சல்னு நினைச்சேன்." அவள் போனைத் திருப்பிக் கொடுத்தார். "சித்திகிட்டயும் சொல்லாத. யார்கிட்டயும் சொல்லாத."

அவள் தலையாட்டினாள். அன்றைக்கு அவளிடம் அதைச் சொன்ன இரண்டாவது ஆள் அவர். அந்தத் தலைவரை மனதுக்குள் எவ்வளவு திட்டினாள்! சித்தப்பாவை எப்படித் திட்டுவது?

போன் மறுபடி அடித்தது. குளிர்பதனப் பெட்டிக் கடையில் அவரோடு நின்ற பழைய சகா. சித்தப்பா உடனே எடுக்கவில்லை. கையால் முகத்தை ஒரு தரம் வழித்துக்கொண்டார். தோளை நிமிர்த்தினார். எழுந்து நின்றார்.

"ஆமாய்யா, பாத்தியா?... உண்மைதான்... எத்தனையோ நாளாத் திட்டம் போட்டிருக்காங்க. என் வளர்ச்சி அவங்க கண்ணை உறுத்திடுச்சு. விடு, நான் பொறாமைக்காரங்களை எல்லாம் மன்னிச்சுட்டேன்" என்று சொல்லிப் பெரிதாகச் சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. குரலில் அது துளிகூட எட்டிப் பார்க்கவில்லை. ஒன்பது வருடத்தில் சித்தப்பா உருப்படியாக நடித்தது அது ஒன்றுதான். பார்த்தது ரெண்டுவரி மட்டும்.